பாதி ஆளு எனக்கெதுக்கு

பையைக் கொஞ்சம் இக்கட்ட தள்ளி வச்சுக்கறேனுங்க தம்பி, உங்க முழங்கால்ல இடிக்குது. உள்ளே கட்டை இருக்குது. இல்லீங்க, கிரிக்கெட் கட்டை இல்லை. உருண்டையா, நீட்டமா, உலக்கையில பாதி இருக்கும். பேஸ்பால். சினிமாவுல ரவுடிப் பசங்க தோள்ல சாத்திக்கிட்டு வருவானுங்களே, அதேதான். கண்டக்டர்கூட என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத்தான் டிக்கெட் கிழிச்சான். அந்த நாத்தம் கட்டையோடது இல்லை, கிளவ்வோடது. தோல் கையுறை. ஒருத்தன் ரெண்டு வருஷமா வேர்த்து வேர்த்து ஊறின தோல். அதைத்தான் திருப்பி வாங்கிட்டு வர்றேன். மூக்கைப் பிடிச்சுக்கணும்னா பிடிச்சுக்கங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்.

நீங்க காட்டுப்புத்தூர்ப் பக்கமா? அப்ப தொட்டியத்துல இறங்கி மாறுவீங்க. நான் நாமக்கல். பேரு சென்னியப்பன், கோழிப்பண்ணை வச்சிருக்கேன். கோழியோடயே இருந்து பழகினவன். கோழி பீயை மிதிப்பேன், செத்த கோழியைக் கையால எடுத்துப் போடுவேன், முகம் சுளிக்கமாட்டேன். ஆனா இன்னைக்கு மனுசங்களைப் பார்த்தா எனக்குக் குமட்டுது. உங்களைச் சொல்லலைங்க. பொதுவாச் சொல்றேன்.

அந்த ஆட்டம் எனக்கு முழுசாப் புரியாது. புரிஞ்சவரைக்கும் சொல்றேன். ஒருத்தன் மேட்டு மேல நின்னு பந்தை எறிவான். எதிர்ல ஒருத்தன் கட்டையை வச்சுக்கிட்டு அதை அடிப்பான். எறியறவனுக்குப் பேரு பிட்சர். எறியறவனுக்கு எறிய மட்டுந்தான் வரும், கட்டையைக் கையில குடுத்தா ஈ ஓட்டுவான். அதனால எறியறவனுக்குப் பதிலா அடிக்கறதுக்குன்னே வேற ஆளை இறக்கிக்கலாம்னு விதியே வச்சிருக்காங்க. உலகம் பூரா அப்படித்தான். ரெண்டும் ஒருத்தனுக்கே வர்றது அபூர்வம். வெளிநாட்டுல அப்படி ஒருத்தன் அகப்பட்டா, அவன் எந்த டீம்ல சேரப்போறான், அவனை எறிய விடுவாங்களா, அடிக்க விடுவாங்களா, ரெண்டுக்கும் விடுவாங்களான்னு பேப்பர்காரனுங்க வருஷம் பூரா எழுதிக்கிட்டே கிடப்பானுங்களாம். எங்களுக்கு அப்படி ஒருத்தன் மக்காச்சோளக் காட்டுல அகப்பட்டான்.

இருங்க, முன்னாலிருந்து வர்றேன். எனக்கு ஒரே பையன், சஞ்சித். நல்லாப் படிப்பான். படிப்பு மட்டும் இருந்தா இந்தக் காலத்துல போதுமா? அவன் ஸ்கூல் பி.டி. மாஸ்டர் குப்புராஜ்னு ஒருத்தர். அவர்தான் வழி சொன்னார். "அண்ணா, கிரிக்கெட்டுக்கு விட்டீங்கன்னா ஊர்ப்பட்ட கூட்டம், கபடிக்கு விட்டா பையன் எலும்பு தேறாது. பேஸ்பால்னு ஒண்ணு இருக்குது. மாநிலம் பூரா ஆடறவனையெல்லாம் சேர்த்தாலும் ரெண்டு பஸ்ல ஏத்திடலாம். மெடல் அடிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டா"ன்னார். டீம் மெடல் அடிச்சா டீம்ல இருக்கற எல்லாருக்கும் சான்றிதழ். ஆட்டம் பூரா பெஞ்சுல உட்கார்ந்து கடலை தின்னவனுக்கும் அதே சான்றிதழ். நான் ஒருத்தன் மட்டும் இல்லைங்க. பல் டாக்டர் பையன், ஜவுளிக்கடைப் பையன், லாரிக்குப் பாடி கட்டறவர் பையன்னு எல்லா அப்பன்களும் சேர்ந்து ஆரம்பிச்ச டீம் அது. பசங்களுக்கு அதுல விருப்பமான்னு கேக்கறீங்களா? பசங்களை யாருங்க கேப்பாங்க.

முத வருஷம் போன இடமெல்லாம் மானம் போச்சு. என் பையன் பந்து வந்தாக் கண்ணை மூடிக்குவான். டாக்டர் பையன் பந்து வந்தாக் குனிஞ்சுக்குவான். ஈரோட்டுல ஒரு மேட்ச், எதிர்டீம் பசங்க அடிச்சு ஓடி ஓடி அவங்களுக்கே கால் வலிச்சு, போதும் சார்னு சொல்லிட்டாங்க. அந்த வெயில்ல பந்தலடியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அன்னைக்கே ஒரு அருவருப்பு. நம்ம பையன் நாலு பேர் முன்னால இப்படி நிக்கறானேன்னு.

அப்புறம்தான் மாதேசன். என் பண்ணையில முட்டை அட்டை ஏத்தறவன் சின்னானோட மகன். பண்ணையை ஒட்டி எனக்கு நாலு ஏக்கர் மக்காச்சோளம். எங்க பக்கம் மயில் தொந்தரவு சொல்லி மாளாதுங்க. பயிரைக் கொத்தியே அழிச்சுடும். அதை அடிக்கவும் கூடாது, அடிச்சா ஃபாரஸ்ட்காரன் வந்துடுவான். அதை விரட்டறதுக்கு இந்தப் பையனை விட்டிருந்தாங்க. ஒரு நாள் வரப்புல நின்னு பார்க்கறேன். அக்கட்டக் கடைசியில மயில் நிக்குது. இவன் இக்கட்டக் கடைசியில நின்னு ஒரு கல்லை எடுத்தான். கை சுத்தினதுதான் தெரிஞ்சது. கல்லு மயில் மேல படலை. அதோட காலுக்கு முன்னால ஒரு சாண் தள்ளி விழுந்தது. மயில் பறந்துடுச்சு. சரி, குருட்டாம்போக்குன்னு நினைச்சேன். மறுபடி ஒண்ணு. அதே ஒரு சாண். எங்கே விழணும்னு நினைக்கறானோ அங்கே விழுது.

சரி, எறிவான், அடிப்பானான்னு பார்க்கணுமில்ல. வெட்டி வச்சிருந்த மண்வெட்டிப் பிடியைக் கையில குடுத்து, சோளக் கதிரோட சக்கையை எடுத்து நானே எறிஞ்சேன். அடிச்சான் பாருங்க, சக்கை தீவன ஷெட்டுத் தகரத்து மேல போய் விழுந்தது. நாலாயிரம் கோழியும் ஒரே நேரத்துல கத்துது. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. யாரு கண்டுபிடிச்சது? நான். அதை மட்டும் நீங்க மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இன்னைக்கு எல்லாரும் அதை மறந்துட்டாங்க.

சஞ்சித் ஸ்கூல்லயே அவனைச் சேர்த்துவிட்டேன். ஃபீஸ் ஸ்கூல்காரங்க வேண்டாம்னுட்டாங்க, இருந்தாலும் பேசினது நான்தானே. டீம்ல சேர்த்தோம். தினமும் பொழுதோட பிராக்டீஸ் முடிஞ்சு எங்க வீட்டுலதான் சாப்பாடு. எங்கப்பா காலத்துல சின்னான் வகையறா எங்க வாசப்படி ஏறினதில்லைங்க. நான் அதெல்லாம் பார்க்கறவன் இல்லை. உள்ளே கூப்பிட்டு டைனிங் டேபிள்லயே உட்கார வச்சேன். அவனுக்குன்னே தனியா ஒரு புதுத் தட்டு வாங்கி, அதுல அவன் பேரையே பொறிச்சு வச்சோம், எங்க தட்டோட கலந்துடக் கூடாதுன்னு. அந்த அளவுக்கு யாரு பண்ணுவா? தினம் முட்டை. வேணுங்கறவரைக்கும் முட்டை. முட்டைக்கு என்கிட்ட பஞ்சமா? நல்லாத் தீவனம் வச்சாத்தான் எதுவும் நல்லா வேலை செய்யும். அது எனக்குத் தெரியும், தொழிலே அதுதானே.

அந்த வருஷம் டீம் எங்கேயோ போயிடுச்சு. மாதேசன் எறிவான், எதிர்டீம்காரன் கட்டையைச் சுத்திட்டுப் போய் உட்காருவான். மாதேசன் அடிப்பான், பந்து காம்பவுண்டுக்கு வெளியே கிடக்கும். நம்ம பசங்களுக்கு வேலையே இல்லை. சஞ்சித் பவுண்டரி ஓரமா நின்னு மேகம் பார்ப்பான். எவ்வளவு நிம்மதி தெரியுங்களா அது ஒரு அப்பனுக்கு? பையன் பந்து பிடிக்காம இருக்கறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது.

ஒருத்தன் இத்தனை பந்துக்கு மேல எறியக்கூடாது, எறிஞ்சா மறுநாள் ஓய்வு குடுக்கணும்னு என்னமோ விதி இருக்குதாம். அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்பயர் ஆரம்பிச்சார். நான் தனியாக் கூப்பிட்டுப் பேசினேன். போட்டி நடக்கற நாள் பூரா எல்லாருக்கும் முட்டை பிரியாணி என் பொறுப்புன்னேன். அதுக்கப்புறம் யாரு எண்ணறது? காலையில ஒரு மேட்ச் எறிவான், மத்தியானம் ஒரு மேட்ச் எறிவான், மறுநாளும் எறிவான். நடுவுல அவனே அடிக்கவும் செய்வான். வாலிபப் பையன், கல்லெறிஞ்சே வளர்ந்தவன். அவனுக்கு என்ன ஆகப் போகுது.

மாநிலத்துல வெங்கலம் அடிச்சோம். ஊர்ல ஃப்ளெக்ஸ் வச்சேன். அதுல மாதேசன் படம் கொஞ்சம் சின்னதாப் போயிடுச்சு. அது பிரிண்டிங்காரன் பண்ணின வேலை.

இனிமேதான் நான் சொல்ல வந்தது. மெடல் அடிச்சு வந்த கொஞ்ச நாள்லயே அந்தப் பையனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. எப்படித் தெரியும்னு கேளுங்க. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தான். சோத்துல குழம்பை ஊத்தி, இடது கையால பிசையறான். இடது கையால! என் வீட்டு டேபிள்ல, என் பொண்டாட்டி போட்ட சோத்தை. "டேய், அது எதுக்கு இருக்கற கைன்னு தெரியாதா உனக்கு? உங்கொப்பன் சொல்லிக் குடுக்கலையா?"ன்னு கேட்டேன். வலது கைக்கு மாத்தினான். மாத்தி ஒரு வாய் எடுத்தான், கை வாய்க்குப் போகுது, இவன் தலையும் குனிஞ்சு கைக்கு வருது. நாய் தட்டுல வாய் வைக்கற மாதிரி. ரெண்டு வாய் அப்படித் தின்னுட்டு, பசிக்கலைன்னு எந்திரிச்சுப் போயிட்டான். பார்த்தீங்களா ரோசத்தை.

மறுநாள் இன்னும் மோசம். நான் வந்து பார்க்கறேன், என் பையன் சஞ்சித் அவனோட தட்டுல கையை விட்டுச் சோறு பிசைஞ்சு உருண்டை பிடிச்சு வைக்கறான். அவன் அதை இடது கையால எடுத்துத் திங்கறான். நான் பெத்த பையன், சின்னான் மகனுக்குச் சோறு பிசையறான். சீன்னு ஆயிடுச்சு எனக்கு. சஞ்சித்தை முதுகுல ஒண்ணு போட்டேன். அவன் என்னைப் பார்த்து, "அப்பா, அவனுக்கு மடங்கலைப்பா"ன்னான். எது மடங்கலை? வேலை செய்ய உடம்பு வளையாதவனைத்தானே அப்படிச் சொல்வாங்க. வயசுப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் காப்பாத்தறதுக்கு என்ன வேணும்னாலும் சொல்வானுங்க.

அந்தச் சமயத்துல அவன் பிளஸ் டூ முடிச்சான். சஞ்சித்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மாதேசன் எங்கே சேரப்போறான்னு பேச்சு கிளம்பிடுச்சு. அதுக்கு வந்தது பாருங்க கூட்டம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு இன்ஜினியரிங் காலேஜ்காரர் கார்ல வந்தார். அவருக்குப் பையன் எறிஞ்சாப் போதுமாம், அடிக்க வேண்டாமாம், அடிக்க வேற ஆள் வச்சிருக்காராம். எறியற கையைத் தூக்கச் சொல்லி, தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பார்க்கறார். சந்தையில மாட்டுத் தொடையைத் தட்டிப் பார்ப்பானே தரகன், அதே தோரணை. பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வளர்த்தவன் நான் நிக்கறேன் பக்கத்துல.

அடுத்து சென்னையில இருந்து ஒருத்தர். அவருக்கு எல்லாம் வேணும். எறியணும், அடிக்கணும், லீக்குக்கும் ஆடணும், காலேஜுக்கும் ஆடணும், அவர் மச்சினனோட கிளப்புக்கும் ஆடணும். "இந்த மாதிரி ஒருத்தன் இருந்தா மூணு டீமை ஓட்டிடலாங்க"ன்னு என்கிட்டயே சிரிச்சுக்கிட்டே சொல்றார். இவனுங்களுக்கெல்லாம் அவன் மனுசன் இல்லை தம்பி, கோழி. முட்டை வைக்கறவரைக்கும் தீவனம் போடுவானுங்க, முட்டை நின்னா கழிச்சு லாரியில ஏத்திடுவானுங்க. எனக்கு அவ்வளவு ஆத்திரம். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: எங்கே சேர்ந்தாலும் அடுத்த வருஷம் எங்க மாவட்ட டீமுக்கு வந்து எறிஞ்சு குடுக்க விடுவீங்களான்னு. வயசு இருக்குது அவனுக்கு, இன்னொரு வருஷம் ஜூனியர்ல ஆடலாம். அதுகூட நான் எனக்காகக் கேட்டேனா? சஞ்சித்துக்காகக் கேட்டேன். பன்னெண்டு குடும்பத்துக்காகக் கேட்டேன்.

கடைசியா வந்தது ஒரு பொம்பளை. ஜெபராணின்னு பேரு, இப்பத் தாண்டி வந்தோமே முசிறிப் பாலம், அதுக்கு அக்கட்டக் குளித்தலைப் பக்கம் ஒரு சின்னக் காலேஜ்ல விளையாட்டு மேடம். காரும் இல்லை ஒண்ணும் இல்லை, டவுன் பஸ்ல வந்து இறங்கி, கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு நடந்து வருது. கிரவுண்டுல மாதேசன் கையில பந்தைக் குடுத்து, எறிஞ்சு காட்டுடான்னேன். அந்தம்மா வேண்டாம்னுடுச்சு. ரெண்டு கையையும் முன்னால நீட்டுன்னுச்சு. அவன் நீட்டினான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவன்கிட்ட என்னமோ மெதுவாக் கேட்டுச்சு. அவனும் என்னமோ சொன்னான். அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாப்புலப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்புறம் என்கிட்ட வந்து, "இவன் ஒரு வருஷம் பந்தைத் தொட்டு எறியக்கூடாதுங்க. அடிக்கறதுக்கு மட்டும் வச்சுக்கறேன். கை தேறினாப் பார்க்கலாம். தேறலைன்னாலும் எனக்கு அடிக்கிற மாதேசன் போதும்"னுச்சு.

நான் சிரிச்சுட்டேன். ஏனுங்க, லட்சத்துல ஒருத்தனைக் கூட்டிட்டுப் போய்ப் பாதி ஆளா வச்சுக்கறேங்கறா. ரெட்டை மாடு பூட்டின வண்டியில ஒரு மாட்டை அவுத்து விட்டுட்டு ஓட்டறேங்கற மாதிரி. விவரம் தெரியாத பொம்பளைன்னு நினைச்சு அனுப்பிவச்சேன்.

இந்தப் பையன் என்ன பண்ணினான்? அன்னைக்கே வந்து வாசல்ல நிக்கறான். உள்ளே வரலை. "அந்தக் காலேஜுக்குப் போறனுங்க"ன்னான்.

எதுக்குடான்னு கேட்டேன். கார் அனுப்பறேன்னவன் இருக்கான், சென்னையில ரூம் தர்றேன்னவன் இருக்கான், அதையெல்லாம் விட்டுட்டு அங்கே எதுக்குடா போறேன்னேன்.

"அவங்க வலிக்குதான்னு கேட்டாங்க."

இதான் பதில். வலிக்குதான்னு கேட்டாளாம். அதுக்காக ஒருத்தன் வாழ்க்கையைத் தூக்கிக் குளித்தலையில கொண்டு போய் வைப்பானா? ஏன், நான் கேட்டதில்லையா? ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சும் நான்தான் முத ஆளாப் போய்க் கேட்டிருக்கேன், "கண்ணு, நாளைக்கும் எறிய முடியுமில்ல?"ன்னு. முடியுங்கன்னு சொன்னது யாரு? இவன்தானே. வலிச்சா வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன அடிச்சுப் போட்டுடுவேனா?

சரி, போய்த் தொலையட்டும்னு விட்டேன். இப்ப வர்ற சனிக்கிழமை மறுபடி மாநிலப் போட்டி. சஞ்சித்துக்கு இதுதான் கடைசி. வெங்கலச் சான்றிதழ் இருக்குது, அது பத்தாதாம், இன்னொரு மெடல் இருந்தாத்தான் கோட்டா வரிசையில பேரு மேல வருமாம். டீம்ல எறிய ஆளில்லை. டாக்டர் பையனை மேட்டுல ஏத்திப் பார்த்தோம், பந்து பாதி வழியில உட்கார்ந்துக்குது. குப்புராஜ் மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கறார், மத்த அப்பன்களும் என் முகத்தைப் பார்க்கறாங்க. நீங்க கூப்பிட்டா வருவான், நீங்க வளர்த்த பையன்னு. அந்த நம்பிக்கையிலதான் இன்னைக்குக் காலையில கிளம்பினேன். வெறுங்கையோட போகலை. ஆஞ்சநேயர் கோயில்ல அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணி, செந்தூரம் வாங்கி, புதுக் கட்டையையும் எடுத்துக்கிட்டுப் போனேன்.

காலேஜ் மெஸ்ல இருந்தான். நல்ல கூட்டம். எல்லார் முன்னாலயும் இடது கையால ஸ்பூனைப் பிடிச்சு உப்புமா தின்னுக்கிட்டு இருக்கான். எதிர்ல அந்த ஜெபராணி மேடம் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கிட்டே, அது பாட்டுக்கு டீ குடிக்குது. ஒரு வாத்தியாரம்மா கண்டிக்க வேண்டாமா? இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன். காரியம் ஆகணுமில்ல.

என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னான். மரியாதை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்குதுன்னு நினைச்சேன். செந்தூரப் பொட்டலத்தைப் பிரிச்சு, கையை நீட்டுடா கண்ணுன்னேன். நீட்டினான். எந்தக் கையை? இடது கையை. சாமி செந்தூரத்துக்கு.

"வலது கையை நீட்டுடா."

என் குரல் கொஞ்சம் ஏறிடுச்சு. மெஸ்ஸே திரும்பிப் பார்க்குது. அவன் மேடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் வலது கையை எடுத்தான். நான் டேபிளுக்கு இக்கட்ட நிக்கறேன், அவன் அக்கட்ட நிக்கறான். கை பாதி தூரம் வந்து மடங்கினமேனிக்கே நின்னுக்குச்சு. நீட்டுடாங்கறேன், நீட்டமாட்டேங்கறான். நெஞ்சைக் கொண்டுவந்து டேபிள் மேல சாய்க்கறான், அப்பவும் கை எட்டலை. அந்த ஒரு சாண் தூரம்கூட எனக்காகக் கையை நீட்டமாட்டேங்கறான் தம்பி. நானா எட்டிப் போடணுமாம். நான் எதுக்கு எட்டணும்? விரலைத் தளர்த்தினேன், செந்தூரம் அத்தனையும் உப்புமாத் தட்டுல விழுந்தது. அந்தம்மா எந்திரிச்சு, அவன் கையைப் பிடிச்சு மெதுவா அவன் பக்கமே கொண்டுபோய் வச்சுது. ஏதோ கண்ணாடிச் சாமானை வைக்கற மாதிரி.

நான் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை. ஒரே ஒரு போட்டி. அப்புறம் உன்னை நான் தேடி வரமாட்டேன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்.

"எறிய முடியாதுங்க. ஆனா அடிக்கறதுக்கு வர்றனுங்க. சஞ்சித்துக்காக வர்றேன். மேடத்துக்கிட்டயும் கேட்டுட்டேன்."

அந்தம்மாவும் தலையாட்டுது, மொழங்கையைப் பாதி மடக்கியே அடிக்கப் பழகிட்டான், போன வாரம்கூட ரெண்டு பந்தைக் காம்பவுண்டுக்கு வெளியே போட்டான், கூட்டிட்டுப் போங்க, எறிய மட்டும் விடாதீங்கங்குது. எனக்குப் பிச்சை போடற மாதிரி இருந்தது. நான் கண்டுபிடிச்ச ஆளை எனக்கே பாதியா அறுத்துக் குடுக்கறாளுங்க. முழுசா வச்சிருந்தவன் நான்.

"பாதி ஆளு எனக்கெதுக்கு"ன்னுட்டேன். சொல்லிட்டு, அவன் பை மேல கிடந்தது இந்தக் கிளவ், நான் வாங்கிக் குடுத்தது. எறியாதவனுக்கு இது எதுக்குன்னு எடுத்துக்கிட்டேன். அவன் வாசல்வரைக்கும் பின்னாலயே வந்தான். கும்பிட்டான் பாருங்க. வலது கை நெஞ்சுகிட்டயே இருக்குது, இடது கை அதுக்குப் போய்ச் சேருது. அதையும் ஒழுங்காப் பண்ணலை.

இருங்க, போன் அடிக்குது. சஞ்சித்துதான், அப்ப இருந்தே கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். சொல்லுடா... ஆமா, பார்த்தேன்... வரலை... எறியமாட்டானாம். அடிக்கறதுக்கு மட்டும் வர்றானாம், நான் வேண்டாம்னுட்டேன்... என்னது?... போதுமா? எது போதும்? எறியறதுக்கு உங்கொப்பன் நிப்பானா?... டேய், கிளவ்வை எடுத்துட்டு வந்தா உனக்கென்ன... டேய். டேய் சஞ்சித்து.

வச்சுட்டான்.

ரெண்டு பேரும் மாரியாத்தா கோயில் வளாகத்துல நின்னு ஏதோ சத்தியம் பண்ணிக்கிட்ட மாதிரிப் பேசறானுங்க. மாதேசன் அடிச்சாலே ஜெயிச்சிருப்போமாம், குப்புராஜ் மாஸ்டரே சொன்னாராம், எறியறதுக்குச் சுமாரா ஒருத்தன் இருந்தாலே போதுமாம். திரும்பிப் போய் அவனைக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா நானும் ஆடலைங்கறான். ஆடாம இரு, யாருக்கு நட்டம்? இவனுக்காகத்தான் இத்தனையும். அப்பன் நாயா அலையறான், இவன் நியாயம் பேசறான். அந்தக் கை விஷயத்தை இவன்தான் முதல்லயே அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டுச் சொன்னானாம், இப்ப வாயை விட்டுட்டான். கேட்டீங்களா? நான் பெத்தது. எல்லாரும் சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் அந்தப் பையனைப் பிடிச்சு இழுத்துட்டாங்க தம்பி, என்னைத் தவிர.

தொட்டியம் வந்துடுச்சு போல. இறங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம். உங்க காட்டுப்புத்தூர்ப் பக்கம் வாழைத்தோட்டம் ஜாஸ்தியில்ல? குரங்கு வருமில்ல? குரங்கை விரட்டறதுக்குப் பசங்களை விட்டிருப்பாங்களே. அதுல நல்லாக் கல்லெறியற பையன் யாராவது உங்க கண்ணுல பட்டிருக்கானா? வயசு பதினேழுக்குள்ள இருக்கணும். இந்த நம்பரைக் குறிச்சுக்கங்க. ஸ்கூல்ல நான் பேசிக்கறேன், சாப்பாடு என் வீட்டுல, தட்டுகூட ஒண்ணு சும்மாத்தான் கிடக்குது, பேரை மட்டும் சுரண்டிட்டாச் சரி. கிளவ்வும் இதோ இருக்குது, வெயில்ல போட்டா நாத்தம் போயிடும்.

இடது கைக்காரனா இருந்தாலும் பரவாயில்லைங்க தம்பி. இடது கைன்னா இன்னும் விசேஷமாம், எதிர்ல நிக்கறவனுக்குப் பந்தே புரிபடாதாம்.